கடைசிப் பாட்டில் வெள்ளை ஒயின்

"இப்ப ஊத்தாதளா. வெங்காயம் இன்னும் வதங்கல."

ஹென்றி கட்டிலில் கிடந்தபடியே மகளிடம் சொன்னார். அங்கிருந்து அடுப்படி தெரியாது. வாசனையை வைத்தே சொல்கிறார். கிளாடிஸுக்குச் சிரிப்பு வந்தது. எழுந்து உட்கார அப்பாவுக்குத் தெம்பில்லை, மூக்கு மட்டும் இன்னும் வேலையை விடவில்லை. கப்பலில் பண்டாரியாக எத்தனை தேசத்துக் கேப்டன்களுக்குச் சமைத்துப் போட்ட மனுசர்.

சித்திரை வெயிலுக்குப் புளிக்குழம்பு ஆகாது என்பது அவர் கட்சி. சீலா மீனை வெள்ளை ஒயினில் வேகவைத்து, அதே ஒயினைக் குளிரக் குளிரக் கூடவே குடிக்க வேண்டும். தெருவே தின்று மெச்சியது, பக்கத்து வீட்டிலிருக்கும் அவருடைய கூடப்பிறந்த அக்கா ஞானபாயைத் தவிர. பூசைக்கு உரியதை மீனில் ஊற்றுகிறானே என்று அவள் ஒரு கோடையிலும் வாய் வைத்ததில்லை.

தண்ணீர்ப் பானையடி ஈர மணலில் புதைத்துக் குளிர வைத்திருந்த இந்தப் பாட்டில்தான் கடைசி.

"இன்னைக்காவது அக்கா திங்கணும்ளா," என்றார். "ம், இப்ப ஊத்து. மூடிராத, பச்சை வாடை போவட்டும். உப்பு கடைசில போடு. நாஞ் சொல்லுதேன்."

பாதியை ஊற்றினாள். சட்டி சீறி அடங்கியது. மீனை அடுக்கிவிட்டு, உப்பு ஜாடியோடு காத்திருந்தாள். "போடட்டாப்பா?" என்று இரண்டு தரம் கேட்டாள். பிறகு ஜாடியை வைத்துவிட்டுக் கட்டிலுக்கு ஓடினாள்.

அவள் அழுத சத்தத்துக்கு முதலில் ஓடி வந்தது ஞானபாய்தான். தம்பியின் கண்களை மூடினாள். அடக்கம் முடியும்வரை துட்டி வீட்டில் அடுப்பு எரியக் கூடாது; தண்ணீர் தெளித்து அதை அணைத்ததும் அவளேதான். அப்பா கடைசியாக ஆசைப்பட்டது ஒன்றே ஒன்று, அதுவும் பாதி வேக்காட்டில் நின்றுவிட்டதே என்று கிளாடிஸுக்கு ஆறவில்லை.

சாயங்காலம் கல்லறைத் தோட்டத்திலிருந்து திரும்பியபோது சட்டியைக் காணோம். அத்தை கொட்டியிருப்பாள் என்று நினைத்துக்கொண்டாள்.

ஆட்கள் கலைந்த பிறகு ஞானபாய் கஞ்சி கொண்டுவந்தாள். மறு கையில் அதே சட்டி.

"மத்தியானமே எங்க அடுப்புல வச்சு இறக்கிட்டேன். துட்டி வீட்டுல மீனான்னு கேப்பாவ. கேக்கட்டும்."

"புளி விட்டியளா அத்தே?"

"விடல. அவன் வைவான்."

இருவரும் உட்கார்ந்தார்கள். வாயில் வைத்ததுமே கிளாடிஸுக்குத் தெரிந்துவிட்டது, உப்பு இல்லை. ஜாடியை எடுக்க எழுந்தாள்.

"இருக்கட்டும்ளா," என்றாள் ஞானபாய். அடுத்த துண்டையும் எடுத்து முள் பார்த்துத் தின்றாள்.

மீதிப் பாட்டில் மணலில்தான் இருந்தது. கிளாடிஸ் துடைத்துக் கொண்டுவந்து வைத்தாள். ஞானபாய் சிலுவை போட்டுக்கொண்டாள். தம்ளரில் இருந்த தண்ணீரை முற்றத்தில் கொட்டிவிட்டு, வெறும் தம்ளரை முன்னால் நகர்த்தினாள்.