உட்கார்ந்து செய்யும் வேலை

காலைப் பணிக்கு வந்த போலீஸ், இரண்டாம் மாடி வார்டின் மேஜைமேல் கைப்பையை வைக்கப் போனவள், அப்படியே நின்றுவிட்டாள். மேஜை இருந்தது. அதன்மேல் ஃபைல்கள் இருந்தன. தொலைபேசி இருந்தது. நாற்காலிகளைத்தான் காணோம். அவை உருண்டு உருண்டு தேய்ந்த கோடுகள் மட்டும் தரையில் கிடந்தன.

"எங்கடி போச்சு எல்லாம்?"

இரவுப் பணி முடித்த டீச்சர், மேஜைமேல் பாதி கவிழ்ந்தபடி நின்றுகொண்டே எழுதிக்கொண்டிருந்தாள். "விடிஞ்சதும் ஆளுங்க வந்து தூக்கிட்டுப் போயிட்டாங்கக்கா. மேனேஜர் உத்தரவாம். நர்ஸுங்க உக்காந்து அரட்டை அடிக்கிறாங்கன்னு யாரோ நோயாளியோட சொந்தக்காரங்க சொன்னாங்களாம். இனிமே டூட்டியில யாரும் உக்காரக் கூடாது. கேமராவுல பாத்துக்கிட்டே இருப்பாராம்."

"நேத்து ராத்திரி நீ உக்காந்தியா?"

"எங்க உக்காந்தேன்? ஏழாம் நம்பர் பெட்டுக்காரர் உக்கார விட்டாத்தானே!"

போலீஸும் டீச்சரும் நர்ஸுகள்தான். அந்த மாடியில் அப்படி ஒரு வழக்கம். புதிதாக வேலைக்கு வருகிறவளை முதல் நாள் சாப்பாட்டு நேரத்தில் துணி அறைக்குள் கூட்டிப்போய், சலவை செய்த படுக்கை விரிப்பு மூட்டைகளுக்கு நடுவே உட்காரவைத்து, ஒரே ஒரு கேள்வி கேட்பார்கள். நர்ஸுக்குப் படிப்பதற்கு முன்னால் என்ன ஆகலாம் என்று நினைத்திருந்தாய்? அவள் என்ன சொல்கிறாளோ அதுதான் அன்றிலிருந்து அவள் பெயர். பெற்றோர் வைத்த பெயர் சம்பளம் வாங்க மட்டும் போதும்.

போலீஸ் நிஜமாகவே போலீஸ் ஆகப் போனவள். ஓட்டத்தில் முதலாவதாக வந்தாள், கயிறு ஏறினாள், உயரத்தில் ஒரு விரற்கடை குறைந்துவிட்டது. அளந்தவரிடம் "இன்னொரு தடவை பாருங்க சார்" என்று கெஞ்சிப் பார்த்தாள். அவர் இன்னொரு தடவை பார்த்தார். வளரவா போகிறாள்? வீட்டுக்கு வந்து ஒரு வாரம் யாரோடும் பேசவில்லை. மாமாதான் நர்சிங் கல்லூரியில் இடம் இருக்கிறது என்று விசாரித்து வந்தார். "அதுவும் யூனிஃபார்ம்தானே" என்றார். வேண்டாவெறுப்பாகச் சேர்ந்தவள், முதல் வருடம் ஒரு கிழவரின் மூச்சு திரும்பி வந்ததை உள்ளங்கையில் உணர்ந்த அன்றைக்கு, உயரத்தை அளந்தவரை மன்னித்தாள்.

டெய்லர் கதை வேறு. அவளுக்குச் சொந்தமாகத் தையல் மிஷின் இருந்தது, தெருவில் பேரும் இருந்தது. நாள் முழுக்க உட்கார்ந்து தைத்தால் இடுப்பு போய்விடும், நாலு பேரைப் பார்க்கிற மாதிரி நடமாட்டமுள்ள வேலைக்குப் போ என்று அம்மா அனுப்பிவைத்தாள். நாற்காலிகள் போன அன்று அதைச் சொல்லித்தான் எல்லாரும் சிரித்தார்கள். டெய்லரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவளுக்கு அப்போது ஏழாம் மாதம். இதற்கு முன் ஒன்று வயிற்றில் தங்காமல் போயிருந்தது. புருஷனுக்கு வேலை இல்லை. வீடு அவள் கால்களில்தான் நின்றுகொண்டிருந்தது.

அன்றைக்குத் துணி அறையில் புதுப்பெண் ஒருத்தி இருந்தாள். யூனிஃபார்மின் மடிப்புகூடக் கலையாத சின்னப்பெண்.

"சொல்லும்மா. நர்ஸ் ஆகறதுக்கு முன்னாடி என்ன ஆகணும்னு இருந்த?" என்று கேட்டாள் போலீஸ்.

"நர்ஸ்தான்க்கா."

"அது சரி. அதுக்கு முன்னாடி?"

"அதுக்கு முன்னாடியும் நர்ஸ்தான்."

டெய்லர் வாயில் வைத்த கவளத்தோடு நிமிர்ந்து பார்த்தாள். "வீட்டுல யாரும் தள்ளிவிடல? வேற எதுவும் கிடைக்காம வரல?"

"இல்லக்கா. சின்ன வயசுல காய்ச்சல்னு ஆஸ்பத்திரியில கிடந்தேன். அம்மாவுக்கு என்கூட இருக்க முடியல, வேலைக்குப் போகணும். ஒரு சிஸ்டர் நான் தூங்கற வரைக்கும் பக்கத்துல வந்து உக்காந்திருப்பாங்க. அவங்களை மாதிரி ஆகணும்னு..."

உக்காந்திருப்பாங்க என்ற சொல்லைக் கேட்டதும் போலீஸ் தான் உட்கார்ந்திருந்த மூட்டையைக் குனிந்து பார்த்தாள். பிறகு டெய்லர்தான் சிரித்தாள்.

"இவ ஒருத்திதான்டி நம்மள்ல ஒரிஜினல்!"

பெயர் ஒட்டிக்கொண்டது.

மறுநாளிலிருந்து டெய்லர் ஷூவின் கயிற்றைத் தளர்த்திக் கட்டினாள். அதற்கு மறுநாள் கயிற்றையே உருவிவிட்டாள். நோயாளிகள் கட்டிலில் ஏறுவதற்கு என்று வார்டில் ஒரு மரப்படி உண்டு. போலீஸ் அதை மேஜைக்குப் பின்னால் தள்ளிவைத்து, "கேமராவுக்குத் தெரியாது, குந்திக்கோ" என்றாள். டெய்லர் குந்தினாள். ஆனால் அவள் தலை திடீரென்று கீழே போனது கேமராவில் தெரிந்துவிட்டது போலும். கொஞ்ச நேரத்தில் காவலாளி மேலே வந்தார்.

"தப்பா நெனச்சுக்காதீங்கம்மா. எடுத்துட்டு வரச் சொன்னாங்க" என்று தரையைப் பார்த்துச் சொல்லிவிட்டு மரப்படியைத் தூக்கிக்கொண்டு போனார். வாசலில் நாளெல்லாம் நிற்கிறவர் அவர்.

அன்று மதியம் போலீஸ் மேனேஜரின் அறைக்குப் போனாள். குளிரூட்டிய அறை. அவர் சுழல் நாற்காலியில் சாய்ந்து, கட்டம் கட்டமாக எல்லா மாடியும் ஓடும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எதிரே இரண்டு நாற்காலிகள் காலியாக இருந்தன. அவள் நின்றாள்.

"சொல்லுங்க."

"சார், எங்க வார்டுல ஒரு சிஸ்டர் மாசமா இருக்காங்க. எழுதற நேரத்துக்காவது ஒரு நாற்காலி வேணும்."

"ஒருத்தருக்குக் குடுத்தா எல்லாரும் கேப்பாங்க."

"எல்லாருக்கும்தான் சார் வேணும்."

அவர் சிரித்தார். "பெரிய ஓட்டலுக்குப் போயிருக்கீங்களா? அங்க வேலை செய்யறவங்க உக்காந்து பாத்திருக்கீங்களா? வர்றவங்களுக்கு மரியாதை குடுக்கறாங்கன்னு தெரியணும்மா. அப்பதான் இந்த ஆஸ்பத்திரிக்கு நாலு பேர் வருவாங்க."

"ஓட்டல்ல யாரும் உசுருக்குப் போராடறதில்ல சார். கால் வலியில நாங்க மருந்தை மாத்திப் போட்டுட்டா?"

"மாத்திப் போடாதீங்க." அவர் திரையில் எதையோ பெரிதாக்கிப் பார்த்தார். "நிக்க முடியலேன்னா அந்தப் பொண்ணை வீட்டுல இருக்கச் சொல்லுங்க. குழந்தை பொறந்தப்புறம் வரட்டும். இடம் இருந்தா பாக்கலாம்."

முகக்கவசத்துக்குள் அவள் பல்லைக் கடித்தாள். அது அவருக்குத் தெரியவில்லை. அவள் உள்ளே வந்ததிலிருந்து அவர் திரையைவிட்டுக் கண்ணை எடுக்கவே இல்லை.

மாடி ஏறும்போது அவளுக்கு ஆத்திரத்தில் காது அடைத்தது. இடம் இருந்தா. டெய்லரிடம் அந்த இரண்டு வார்த்தைகளை எப்படிச் சொல்வது என்று படிக்குப் படி யோசித்தாள். சொல்லத் தேவையே இருக்கவில்லை. அவள் முகத்தைப் பார்த்ததுமே டெய்லர் புரிந்துகொண்டாள்.

"விடுங்கக்கா. நான் நல்லாத்தான் இருக்கேன். பிரஷர் தெனமும் பாத்துக்கறேன். நார்மல்."

"நெஜமா?"

"நர்ஸுகிட்ட நர்ஸு பொய் சொல்வாளா?"

போலீஸ் நம்பினாள். ஏழாம் நம்பர் படுக்கைக்காரர் "மாத்திரை சாப்பிட்டுட்டேம்மா" என்றால் அவர் நாக்கைத் தூக்கச் சொல்லிப் பார்ப்பவள், "ஜுரம் இல்ல சிஸ்டர்" என்றால் தெர்மாமீட்டரைத் தவிர வேறு எதையும் நம்பாதவள், டெய்லரின் வாய்ச்சொல்லை அப்படியே நம்பினாள். அந்த மாடியில் யாரும் யாருக்கும் பிரஷர் பார்த்ததில்லை. தங்களுக்குள் அது அவமரியாதை மாதிரி.

வார இறுதிக்கு முந்தின நாள். பிற்பகல். டெய்லர் ஒரு படுக்கையின் மேலே தொங்கிய குளுக்கோஸ் பாட்டிலை மாற்றிக்கொண்டிருந்தாள். போலீஸ் பக்கத்துப் படுக்கையில் ஊசி போட்டுக்கொண்டிருந்தாள்.

"என்னக்கா, இந்த லைட்டு இப்படி மினுக்கு மினுக்குன்னு மினுக்குது? சொல்லிச் சரிபண்ணணும்."

போலீஸ் நிமிர்ந்து பார்த்தாள். எந்த விளக்கும் மினுக்கவில்லை.

கர்ப்பிணிக்குக் கண்ணில் பூச்சி பறந்தால் பிரஷர் எகிறிவிட்டது என்று அர்த்தம் என்பதைப் படித்தவள்தான், பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியவள்தான். டெய்லரும் படித்தவள்தான். ஊசியைத் தட்டில் போட்டுவிட்டு, மூலையில் இருந்த சக்கர நாற்காலியை இழுத்துவந்து டெய்லரின் முழங்காலுக்குப் பின்னால் நிறுத்தினாள்.

"உக்காரு."

"அக்கா, கேமரா..."

"உக்காருடி!"

ஒரிஜினல் அதற்குள் பிரஷர் மிஷினோடு ஓடிவந்திருந்தாள். யாரும் சொல்லவில்லை. அவளே கையில் பட்டையைச் சுற்றினாள். எண்ணைப் பார்த்துவிட்டு வாய்விட்டுச் சொல்லப் பயந்து போலீஸின் முகத்தைப் பார்த்தாள்.

"தெனமும் பாத்தேன்னு சொன்னியே?"

"பாத்தேன்க்கா." டெய்லரின் கண்ணில் நீர் முட்டியது. "பாத்துட்டுத்தான் சொன்னேன். நெஜத்தைச் சொன்னா நீங்களே என்னை வீட்டுக்கு அனுப்பியிருப்பீங்க. போனா திரும்ப எடுப்பாங்களா?"

மேஜைமேல் தொலைபேசி அடித்தது. போலீஸ் எடுத்தாள்.

"அங்க வீல்சேர்ல யூனிஃபார்மோட யார் உக்காந்திருக்காங்க?"

"நோயாளி சார்."

"யூனிஃபார்ம் போட்டிருக்காங்களே?"

"நோயாளிதான் சார்."

அவள் அதற்குமேல் பேசவில்லை. லைனைத் துண்டித்து மூன்றாம் மாடியிலிருந்த பிரசவ டாக்டரம்மாவைக் கூப்பிட்டாள். லிஃப்டுக்குக் காத்திராமல் அந்த அம்மாள் படியிலேயே இறங்கி வந்தார். டெய்லரைக் கட்டிலில் இடப்பக்கமாகச் சாய்த்துப் படுக்கவைத்து, வயிற்றில் கருவியை வைத்துத் தேடினார். முதலில் இரைச்சல்தான் வந்தது. டெய்லர் போலீஸின் கையை நகம் பதிய இறுக்கிப் பிடித்திருந்தாள். கருவி கொஞ்சம் கீழே நகர்ந்ததும் டக்டக் டக்டக் என்று ஓட்டமாய் ஓடியது குழந்தையின் இதயம். ஒரிஜினல் அங்கேயே அழுதுவிட்டாள்.

"ரெண்டு பேருக்கும் இப்ப ஆபத்தில்ல" என்றார் டாக்டரம்மா. "ஆனா பிரசவம் வரைக்கும் இவ படுத்துத்தான் இருக்கணும். இந்த நிலைமையில நடக்க விட்டதே தப்பு. யார் விட்டா?"

டெய்லரின் யூனிஃபார்மைக் கழற்றி நோயாளி உடை மாட்டினார்கள். தான் தினமும் விரிப்பு மாற்றும் கட்டிலில் படுத்துக்கொண்டு, அவள் மூலைக் கட்டில் தலையணையின் உறை தலைகீழாக இருப்பதைச் சுட்டிக்காட்டினாள்.

"வாயை மூடிட்டுப் படு. உன் வேலை எங்கயும் போகாது. போக விட மாட்டேன்" என்றாள் போலீஸ். எப்படி என்று அவளுக்கே தெரியாது. ஆனால் சொன்னதை அவள் சும்மா சொல்லவில்லை. பணி முடியும் நேரத்துக்குள் மூன்று மாடிக்கும் போய்ப் பேசிவிட்டு வந்திருந்தாள். நாளைக் காலை எல்லா மாடி நர்ஸுகளும் மேனேஜர் அறைக்குச் சேர்ந்து போவது என்று முடிவாகிவிட்டது.

அவளுடைய பணி முடிந்தது. வீட்டுக்குப் போக மனம் வரவில்லை. டெய்லரின் புருஷன் வந்து சேர இன்னும் நேரம் ஆகும். உடை மாற்றும் அறையில் யூனிஃபார்மையும் முகக்கவசத்தையும் கழற்றி, வீட்டிலிருந்து போட்டுவந்த உடையை மாட்டி, கொண்டையை அவிழ்த்துப் பின்னிக்கொண்டு திரும்பி வந்தாள். டெய்லர் சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பித் தூங்கிக்கொண்டிருந்தாள். போலீஸ் கட்டிலின் கால்மாட்டில் நின்று, அவள் பாதங்களின் வீக்கத்தை விரலால் அழுத்திப் பார்த்தாள்.

மாலையானால் மேனேஜர் ஒவ்வொரு மாடியாக வந்து, நோயாளிகளைப் பார்க்க வந்தவர்களிடம் குசலம் விசாரிப்பார். சென்ட் வாசனை முன்னே வரும், அவர் பின்னே வருவார். அன்றும் வந்தார். கட்டில் கட்டிலாகக் கைகூப்பிக்கொண்டே வந்தவர், போலீஸைப் பார்த்ததும் பதறிப்போனார்.

"அடடா, ஏன்ம்மா நின்னுட்டிருக்கீங்க? உக்காருங்க, உக்காருங்க." பார்க்க வருகிறவர்களுக்கென்று சுவரோரம் போட்டிருந்த நாற்காலியைத் தானே இழுத்துவந்து, கைக்குட்டையால் ஒரு தட்டுத் தட்டி அவள் பக்கத்தில் போட்டார். "உடம்பு சரியில்லாதவங்களைப் பாக்க வந்தவங்களும் எங்களுக்கு முக்கியம். எங்க நர்ஸுங்க நல்லா கவனிச்சுக்கறாங்களா?"

போலீஸ் அவரை நேராகப் பார்த்தாள். அவரும் அவளை நேராகத்தான் பார்த்தார். முகம் முழுக்கச் சிரிப்பு.

"கவனிச்சுக்கறாங்க சார். நின்னுட்டே கவனிச்சுக்கறாங்க" என்றாள்.

குரல் எங்கோ கேட்டதுபோல் இருந்தது அவருக்கு. புருவத்தைச் சுருக்கினார். அதற்குள் போலீஸ் நாற்காலியை இரண்டு கையாலும் தூக்கிவிட்டாள். கட்டில்களுக்கு நடுவே அதைச் சுமந்துகொண்டு போய், மேஜைக்கு முன்னால், கேமராவுக்கு நேர் கீழே வைத்தாள். பிற்பகல் பணியில் இருந்த ஒரிஜினல் அங்கே நின்றபடி எழுதிக்கொண்டிருந்தாள்.

"உக்காரு."

ஒரிஜினல் நாற்காலியைப் பார்த்தாள். மேனேஜரைப் பார்த்தாள். கேமராவைப் பார்த்தாள். பிறகு கையில் இடுக்கியிருந்த ஃபைல்களை மெதுவாக நாற்காலியின்மேல் அடுக்கிவைத்துவிட்டு, மறுபடியும் மேஜைமேல் குனிந்தாள்.

போலீஸ் அந்த ஃபைல்களை ஒவ்வொன்றாக எடுத்துத் தன் கையில் அடுக்கிக்கொண்டாள். நெஞ்சுவரை வந்துவிட்டது. பாரத்தோடு அவள் பக்கத்தில் நின்றுகொண்டு, மறுபடியும் சொன்னாள்.

"உக்காந்து எழுதும்மா."

வார்டில் படுத்திருந்தவர்கள் எல்லாரும் தலையைத் திருப்பிப் பார்த்தார்கள். ஒரிஜினல் நாற்காலியின் நுனியில், யார் அதட்டினாலும் எழுந்துவிடத் தோதாகக் குதிகாலை உயர்த்தியபடி உட்கார்ந்து, எழுத ஆரம்பித்தாள்.