வியாழக்கிழமை ஏன் வலிக்கவில்லை

1

மற்ற நாட்களில் நாலு மணிக்கெல்லாம் அவளுடைய வலது கெண்டைக்கால் கல்லாகிவிடுகிறது. வியாழக்கிழமை மட்டும் வீடு போய்ச் சேரும்வரை தாங்குகிறது. ஏன் என்று அவளுக்குத் தெரியவில்லை. எனக்கும் தெரியாமல்தான் இந்தக் கதையை ஆரம்பிக்கிறேன்.

கதை பிறந்ததே என்னால் வந்த தொல்லையில்தான். மூக்குக்கண்ணாடியைப் பழுதுபார்க்க ஒரு கடைக்குப் போனேன். கண்ணாடிக் கதவைத் தள்ளியதும் மேலே மணி அடித்தது. கதவுக்கு முதுகு காட்டி, ஜன்னல் வெளிச்சத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்த பெண்ணின் உடம்பு தூக்கிப் போட்டது. இடுக்கியிலிருந்த திருகு பறந்தது. மன்னிப்புக் கேட்டேன். "விடுங்க, தினம் நாப்பது தடவை நடக்கிறதுதான்" என்றாள். (திருகு கடைசிவரை கிடைக்கவில்லை.)

2

முதல் முயற்சி: "திடீரென்று மணி அடித்தது. வலியையும் வென்ற அந்த வீரமங்கை..."

இதை இங்கேயே விட்டுவிடுகிறேன். ஒன்று எப்படி வேலை செய்கிறது என்று தெரியாமல் அதைப் பற்றி எழுத எனக்குக் கை வராது. அவளையே கேட்டேன்.

பிறவியிலேயே பெருமூளை வாதம். 'தளர்ந்துகொள்' என்று மூளை அனுப்பும் செய்தி தசைக்குச் சரியாகப் போய்ச் சேர்வதில்லை. நமக்கு ஒரு தசை இறுகும்போது எதிர்த்தசை விட்டுக்கொடுக்கும். அவளுக்கு இரண்டும் சேர்ந்து இழுக்கும். ஒரு மாடி ஏறினால் மூன்று மாடி ஏறிய அலுப்பு. தண்ணீர் குளிர்ந்திருந்தால் விரல்கள் மடங்கிக்கொள்ளும். அதனால் அன்றைக்கு எதை விடுவது என்று காலையிலேயே முடிவு செய்துவிடுவாள். தலை பின்னினால் பாத்திரம் கிடக்கும், பாத்திரம் கழுவினால் தலை கிடக்கும்.

வேலை அவளுக்கு உயிர். ஆனாலும் நாலு மணி வலி தாங்காமல் வேலையை விடும் கடிதம் எழுதி மேஜை இழுப்பறையில் வைத்திருக்கிறாள், மாதக் கடைசியில் கொடுப்பதற்கு.

3

வியாழக்கிழமை முதலாளி சரக்கெடுக்கப் போவார். கல்லாவில் அவர் மனைவி உட்காருவார். வாய் ஓயாத அம்மா. தெருவில் போகிறவர் வருகிறவர் எல்லாருக்கும் ஒரு வார்த்தை வைத்திருப்பார். "பச்சைச் சட்டை வருது பாரு, போன வாரம் வாங்கின ஃபிரேமை மாத்தத்தான் வருது."

ஒருவேளை காரணம் சாப்பாடாக இருக்குமோ என்று அவள் தங்கை சந்தேகப்பட்டாள். ஒரு வாரம் முழுக்க வியாழக்கிழமைச் சாப்பாட்டையே சாப்பிட்டுப் பார்த்தாள் அக்கா. செருப்பை மாற்றினாள், நாற்காலியை மாற்றினாள். ஒன்றும் நடக்கவில்லை. மணியின் மீதும் சந்தேகம் வந்தது. ஆனால் வியாழக்கிழமையும் அது நாற்பது தடவை அடிக்கத்தான் செய்கிறது. மணி பட்டியலிலிருந்து நீங்கியது.

4

இரண்டாவது வரைவில் முதலாளியின் மனைவியை எடுத்துவிட்டேன். அந்த அம்மா பேசிப் பேசிக் கதையை நகரவிடவில்லை.

பிறகு வரைவுக்குள் போய்ப் பார்த்தேன். (எழுதுகிறவர்கள் அப்படிப் போவதுண்டு, கண்ணை மூடினால் போதும்.) கடைக்குள் பகல் வெளிச்சம் தண்ணீர்போல் நின்றது. லென்ஸ் வட்டங்களின் நிழல்கள் சுவரில் மீன்களாக நீந்தின. கல்லா காலி. யாரும் பேசவில்லை. மணி அடித்தது, அவள் துள்ளினாள். மறுபடி அடித்தது, மறுபடி துள்ளினாள். மீன்களும் அவளோடு துள்ளின.

வரைவை அவளிடம் கொடுத்தேன். படித்துவிட்டுக் காலைத் தடவிக்கொண்டாள்.

"ஏழு இடத்துல 'திடீரென்று' போட்டிருக்கீங்க. படிக்கும்போதே இழுக்குது."

"எடுத்துடறேன்."

"இருங்க. இது வியாழக்கிழமைதானே? அந்தம்மா எங்க?"

தேவையில்லை என்று எடுத்துவிட்டதாகச் சொன்னேன். வரைவை மறுபடி முதலிலிருந்து படித்தாள்.

"யார் வர்றாங்கன்னு அவங்க முன்னாடியே சொல்லிடுவாங்க. அப்புறம்தான் மணி அடிக்கும்" என்றாள் மெதுவாக. "இத்தனை நாளா அவங்க பேச்சைக் கேக்காம இருக்கப் பஞ்சு வாங்கலாமான்னு யோசிச்சிட்டிருந்தேன்."

விஷயம் இவ்வளவுதான். எதிர்பார்த்த சத்தம் அவளைத் தூக்கிப் போடாது. எதிர்பாராதது போடும். ஒவ்வொரு துள்ளலிலும் இறுகிய தசை முழுதாகத் தளர்வதற்குள் அடுத்தது வந்துவிடும். நாற்பது சேர்ந்தால் நாலு மணி.

5

முடிவுகள்:

அ. ஒரு பெரிய மருத்துவர் வந்து... (வேண்டாம்.)

ஆ. அவள் கண்ணீரைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். ("நான் எங்க அழுதேன்?" என்று ஓரத்தில் எழுதித் திருப்பி அனுப்பிவிட்டாள்.)

இ. வலி போய்விட்டது. (பொய். காலையில் செருப்பு வாரை மாட்ட இன்னும் ஐந்து நிமிடம் ஆகிறது. மற்ற நாட்களும் வியாழக்கிழமை அளவுக்கு வந்திருக்கின்றன, அவ்வளவே.)

கடிதம் இன்னும் இழுப்பறையில்தான் இருக்கிறது. மாதம் முடிய ஒன்பது நாள். அதைக் கொடுப்பாளா, கிழிப்பாளா என்பதை உங்களிடம் விடுகிறேன். கடைக்குப் போய்ப் பார்ப்பதானால் தயங்காமல் கதவைத் தள்ளுங்கள். மணி அடிப்பதற்கு முன்பே அவள் உங்களைப் பார்த்திருப்பாள். ஃபிரேம் போட்டு முகம் பார்க்க வைத்திருக்கும் வட்டக் கண்ணாடிகளில் ஒன்றை எடுத்து, தன் மேஜையின் இடது மூலையில், கதவு தெரியும்படி சாய்த்து வைத்திருக்கிறாள்.