ஆற்றங்கரையில் மச்சானின் பேச்சு

என் மச்சான் பேரின்பநாதன் மொன்றியலின் சென்ட் லோரன்ட் பகுதியில் பேசாத மண்டபம் இல்லை. ஒருமுறை அவர் நன்றியுரையைத் தொடங்கியபோது வெளியே பனி கொட்டியது. முடித்தபோது மரங்கள் துளிர்த்திருந்தன. அப்படிப்பட்டவரை அங்கிருந்து நியூசிலாந்துக்குக் கூட்டிக்கொண்டு போனது கௌரியின் பிடிவாதம். கௌரி என் மனைவி, அவருடைய தங்கை.

எங்கள் மகள் நிருஷா அங்கே ஓர் ஆற்றங்கரைச் சிற்றூரில் வைரெமுவைக் கட்டப்போகிறாள். அவனுக்குத் தாய் அந்த நாட்டின் ஆதிக்குடியான மாவோரி, தகப்பன் ஸ்கொட்லாந்து வழி. மாவோரிச் சபைக்கூடத்தில் எங்களுக்கு வரவேற்பு.

"எங்கட பக்கம் ஒராள் பேச வேணும். பேச்சு முடிய நாங்கள் எல்லாரும் எழும்பிப் பாட வேணும். மாமா, ஆற்றையும் முன்னோரையும் வணங்கிப்போட்டு இருந்திடுங்கோ," என்று நிருஷா சொல்லித் தந்திருந்தாள்.

"ஓம் பிள்ளை," என்றார் மச்சான்.

ஆற்றை வணங்கினார். பிறகு, எல்லோருக்கும் விளங்கட்டும் என்று ஆங்கிலத்திலேயே பிளந்து கட்டினார்.

"தமிழ் எழுத்துள்ள மணி ஒண்டு உங்கட நாட்டிலதான் கிடைச்சது. அப்ப முதல் வந்தது ஆர்? நாங்கள்! நியாயப்படி இஞ்ச நாங்கள்தான் உங்களை வரவேற்க வேணும்!"

வைரெமுவின் பாட்டனார் கைத்தடியை ஓங்கி ஊன்றினார். ஆற்றிலிருந்த விலாங்குகள் கரையேறி எட்டிப் பார்த்துவிட்டு, வெட்கப்பட்டுத் திரும்பிப் போயின. என் கண்ணால் கண்டேன்.

"அப்பா, மாமாவை நிப்பாட்டுங்கோ! இவை என்னைத் தங்கட பிள்ளையா எடுக்கிற நாள் இது!" நிருஷா பல்லைக் கடித்தாள்.

எனக்கு உச்சந்தலை எரிந்தது. மச்சானின் கோட்டைப் பின்னால் பிடித்து இழுத்தேன். தையல் விட்டது, பேச்சு நிற்கவில்லை.

கௌரி எழும்பினாள். அண்ணனுக்கு முன்னால் போய் நின்று, அவர் வாய் திறந்திருக்கும்போதே தேவாரத்தைத் தொடங்கினாள். அவ்வளவு கோபமாக யாரும் சிவனைக் கூப்பிட்டிருக்க மாட்டார்கள். நிருஷா சேர்ந்தாள், நானும் சேர்ந்தேன். மச்சான் இரண்டு வரி போராடிவிட்டுக் கதிரையில் இருந்தார்.

எதிர்ப்பக்கத்துக் கிழவிகள் தொடையில் தட்டிச் சிரித்தார்கள். அளவு மீறிப் பேசுகிறவனை அவர்களும் இப்படித்தான் பாடி இருத்துவார்களாம். பாட்டனார் மட்டும் சிரிக்கவில்லை. நிருஷாவைப் பார்க்கவும் இல்லை.

"அண்ணை, போய் அந்தப் பெரியவரிட்ட மன்னிப்புக் கேளுங்கோ. ஒரு வசனத்தில," என்றாள் கௌரி.

"நான் என்ன பிழையாச் சொன்னனான்?"

"ஒரு வசனம்!"

போனார். கேட்டார். கிழவர் நெடுநேரம் அவரை முறைத்தார். பிறகு நிருஷாவை அழைத்து, அவர்கள் வழக்கப்படி நெற்றியும் மூக்கும் தொட அணைத்தார்.

மச்சான் இரண்டாம் வசனத்துக்குத் தொண்டையைச் செருமினார். கௌரி பக்கத்தில் நின்று அடுத்த தேவாரத்துக்கு மூச்சை இழுத்தாள்.