மூன்றும் ஐந்தும் ஒன்றுதான்

என் மூக்கைப் பற்றி நானே பெருமையடித்துக்கொள்ளக் கூடாதுதான். ஆனால் வேறு யாரும் அடிக்கப் போவதில்லை என்று தெரிந்த பிறகு எனக்கென்ன கூச்சம்? நான் வேலை பார்ப்பது ஒரு டிரை கிளீனிங் கடையில், துணி வாங்கும் கவுன்டரில். பதினாறு வருஷமாகிறது. கோட்டில் கறை என்று கொண்டுவந்து நீட்டுவார்கள். என்ன கறை என்று கேட்டால் முழிப்பார்கள். நான் ஒருமுறை மோந்து பார்ப்பேன். காபியா, கிரீஸா, குழந்தை கக்கிய பாலா, போன வாரம் கொட்டிய ஒயினா என்று சீட்டில் எழுதி உள்ளே அனுப்புவேன். அதைப் பார்த்துத்தான் எந்த மருந்து போடுவது என்று முடிவு செய்வார்கள். இதுவரை என் சீட்டை நம்பி ஒரு துணியும் கெட்டதில்லை.

என் வீட்டுக்காரருக்கு விஸ்கிப் பைத்தியம். குடிகாரர் என்று நினைத்துவிடாதீர்கள். அப்படி இருந்திருந்தால் இரண்டில் ஒன்று பார்த்திருப்பேன். இவரும் இவருடைய கூட்டாளிகள் நாலு பேரும் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலை பதினொரு மணிக்கு எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையைச் சுற்றி உட்காருவார்கள். சாப்பிட்ட பிறகு என்றால் மூக்கு மந்தமாகிவிடுமாம். அன்றைக்கு நான் வெங்காயம் நறுக்கக் கூடாது, வாசனை சோப்புப் போட்டுக் குளிக்கக் கூடாது, தரை துடைக்கக் கூடாது. வயிறு பெருத்து வாய் குறுகிய சின்னக் கண்ணாடிக் கோப்பைகளில் ஒரு விரல் அளவு ஊற்றி, மூடி வைத்து, திறந்து, மூக்கை உள்ளே விட்டுக் கண்ணை மூடிக்கொள்வார்கள். ஒரு வாய் வைத்துக் கொப்பளித்துக் கிண்ணத்தில் துப்புவார்கள். எது உசத்தி, எது மட்டம், எதை வாங்கலாம் என்று வாய் கிழியப் பேசுவார்கள். அந்தத் துப்பல் கிண்ணத்தைக் கழுவுவது யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

கழுவும் இடத்தில்தான் எல்லாமே ஆரம்பித்தது. காலியான கண்ணாடி காய்ந்துபோனாலும் அதன் அடியில் வாசனை நிற்கும். ஒருநாள் இரண்டு கண்ணாடிகளை மோந்துவிட்டு, "இது ரெண்டும் ஒரே ஊட்டுப் பிள்ளைங்க போல இருக்கே" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். இவர் ஓடிப்போய் பாட்டில்களைப் பார்த்தார். இரண்டும் ஒரே ஆலையில் காய்ச்சியது. ஒன்று பன்னிரண்டு வருஷம் பீப்பாயில் கிடந்தது, இன்னொன்று பதினெட்டு வருஷம்.

அன்றிலிருந்து கண்ணாடி சமையலறைக்கு வர ஆரம்பித்தது. "தண்ணி எடுத்துட்டு வந்துடறேன்" என்று கூட்டத்தில் சொல்லிவிட்டு, கையில் கண்ணாடியோடு என்னிடம் வருவார்.

"சீக்கிரம் சொல்லு."

"அணைஞ்ச தீக்குச்சி. அப்புறம் ஆரஞ்சுத் தோல். அடியில பழைய தோல் செருப்பு ஒண்ணு இருக்கு."

வெளியே போய் இவர் அதற்குப் பவுடர் பூசி, பொட்டு வைத்து நிறுத்துவார். என் தீக்குச்சி 'அணைந்த அடுப்பின் இளஞ்சூடு' ஆகிவிடும். செருப்பு 'மெருகேறிய தோல்' ஆகிவிடும். பல் டாக்டர் ஒருவர் அந்தக் கூட்டத்தில் உண்டு. "சார், உங்க மூக்குக்கு இன்ஷூரன்ஸ் போட்டு வைங்க" என்பார். பிறகு இவருக்குப் பெயரே 'மூக்கு' என்று ஆகிவிட்டது. மூக்கு என்ன சொல்கிறாரோ அந்த பாட்டிலைத்தான் ஐந்து பேரும் சேர்ந்து வாங்குவார்கள். நான் உள்ளே நின்று கேட்டுக்கொண்டிருப்பேன். முதலில் எனக்கும் சிரிப்பாகத்தான் இருந்தது.

போன வருஷம் இவர் வேலை பார்த்த கம்பெனியை மூடிவிட்டார்கள். ஏழு மாதம் வீட்டில் இருந்தார். தேய்த்த பேன்ட்டுகள் அலமாரியில் அப்படியே தொங்கின. அந்தக் கூட்டத்தில் ஒருவர் சாராயக் கடை முதலாளி. விஸ்கிக்கென்றே தனியாக ஒரு கடை திறக்கப் போகிறேன் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை சொன்னார். வருகிறவர்கள் ருசி பார்த்து, ஒப்பிட்டுப் பார்த்து வாங்குகிற கடை. அதற்கு ஒரு ஆள் வேண்டும். வருகிற சாம்பிள்களை மோந்து எதை வாங்குவது, எதைத் தள்ளுவது என்று சொல்ல வேண்டும். ஒவ்வொரு பாட்டிலுக்கும் ஒரு சின்ன அட்டை எழுதி வைக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை.

எனக்கு இரண்டு நாள் வேறு நினைப்பே ஓடவில்லை. மூன்றாம் நாள் காபி கொடுக்கும்போது கேட்டுவிட்டேன்.

"ஏங்க, அந்த வேலைக்கு நான் போகட்டுமா?"

இவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை என்று பார்த்ததும் நிறுத்தினார்.

"நீயா? ஒரு சொட்டு உன் தொண்டையில இறங்கினது கிடையாது. உன்னை எவன்டி விஸ்கி கடையில வைப்பான்?"

"நீங்களும்தான் துப்புறீங்க."

"அது வேற."

"என்ன வேற?"

டம்ளரைக் கீழே வைத்தார். "எனக்குன்னு ஒரு வாய்ப்பு வருது. அதையும் கெடுத்துடாதே" என்றார். முகத்தைப் பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் ஒளிக்காமல் சொல்கிறேன், எனக்கு அந்த வேலை வேண்டும். நான் ஒன்று சொன்னால் அது நான் சொன்னது என்று நாலு பேர் சொல்கிற ஒரே ஒரு இடம் என் வாழ்க்கையில் வேண்டும். இதில் என்ன தப்பு என்று எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை முதலாளி ஒரு பரீட்சை வைத்தார். காகிதம் சுற்றிய பாட்டில்களிலிருந்து அவரே ஆறு கண்ணாடிகளில் ஊற்றினார். ஒன்று முதல் ஆறு வரை நம்பர் ஒட்டினார். எது என்ன விஸ்கி என்பது ஒவ்வொரு கண்ணாடியின் அடியிலும் எழுதி டேப் போட்டு மறைத்திருந்தது. "ஆறுல ரெண்டு கண்ணாடியில ஒரே சரக்கு. அது எந்த ரெண்டுன்னு கண்டுபிடிக்கணும். முடியற வரைக்கும் யாரும் மேசையை விட்டு எழுந்திருக்கக் கூடாது" என்றார்.

இவர் மூஞ்சியில் ஈயாடவில்லை. "தண்ணி மட்டும் கொஞ்சம்..." என்று எழுந்தார்.

"தண்ணி மேசையிலேயே இருக்கு மூக்கு சார். உட்காருங்க."

முதல் ஆளாக, கூட்டத்தில் இருந்த வக்கீல், "ஒண்ணும் நாலும்" என்று கோர்ட்டில் அடித்துச் சொல்கிற மாதிரி சொன்னார். பல் டாக்டர் இரண்டும் ஆறும் என்றார். பேங்க்கில் இருந்து ரிட்டயர் ஆனவர் ஒருவர் உண்டு, அவர் எப்போதும் போல இவர் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார். இவர் ஆறு கண்ணாடியிலும் மூக்கை விட்டு எடுத்தார். மறுபடியும் விட்டார். நெற்றியில் வேர்த்துவிட்டது.

"ஒண்ணும் நாலும்தான்" என்றார்.

நான் ரொட்டித் தட்டோடு பின்னால் நின்றுகொண்டிருந்தேன். தட்டை மேசையில் வைத்துவிட்டு ஒவ்வொரு கண்ணாடியாக எடுத்து மோந்தேன். யாரும் தடுக்கவில்லை. வேலைக்காரி மேசையைத் துடைக்க வந்தால் கையை எடுத்துக்கொள்வார்களே, அப்படி ஒதுங்கி உட்கார்ந்தார்கள்.

"மூணும் அஞ்சும் ஒண்ணுதான்" என்றேன். "அஞ்சுல தண்ணி கலந்திருக்கு. அதான் வேற மாதிரி தெரியுது."

முதலாளி என்னையே பார்த்தார். பிறகு இரண்டு கண்ணாடியையும் தூக்கி டேப்பை உரித்துக் காட்டினார். ஒரே பெயர். "தண்ணி ஊத்தினது எனக்கு மட்டும்தான் தெரியும்" என்றார். குரலே இறங்கிவிட்டது.

இதுதான் நேரம் என்று நினைத்தேன். "இத்தனை நாளும் சொன்னது நான்தாங்க" என்றேன். "இவர் கண்ணாடியை கிச்சனுக்கு எடுத்துட்டு வருவாரு. நான் மோந்து பாத்து சொல்லுவேன். அதைத்தான் இவர் இங்க வந்து சொல்லுவாரு. அந்த வேலையை எனக்குக் குடுத்துப் பாருங்க."

வக்கீல் வெடித்துச் சிரித்தார்.

"மாட்டினீங்களா மூக்கு! வீட்டம்மா போட்டுக் குடுத்துட்டாங்க!"

எல்லாரும் சிரித்தார்கள். பல் டாக்டர் மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். இவர் அசடு வழிய உட்கார்ந்திருந்தார். பிறகு அந்தச் சிரிப்பிலேயே ஒரு வழி கிடைத்துவிட்டது போல நிமிர்ந்தார்.

"என்ன சார் பண்றது? தெரியாத்தனமா கத்துக் குடுத்துத் தொலைச்சுட்டேன். இப்ப எனக்கே வாத்தியார் ஆயிட்டா."

"அப்ப உங்க ஒண்ணும் நாலும்?" என்று பேங்க்காரர் கேட்டார். பாவம், அந்த மனுஷன் ஒருவர்தான் கேட்டார்.

"அட, சிஸ்டர் சொல்லட்டும்னு விட்டுக் குடுத்திருக்காரு. இதுகூடப் புரியலையா உங்களுக்கு?" என்றார் வக்கீல்.

"நான் நிஜமாத்தான் சொல்றேன்" என்றேன்.

"நிஜம்தான் சிஸ்டர், யாரு இல்லைன்னா?" என்று பல் டாக்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அந்த ரொட்டியைக் கொஞ்சம் இப்படித் தள்ளுங்க."

முதலாளி இவர் தோளில் கையைப் போட்டார். "குடிக்கவே குடிக்காதவங்களுக்கு இந்த அளவுக்குச் சொல்லிக் குடுத்திருக்கீங்க. எனக்கு வேண்டியது இதான் சார். கடையில இருக்கிற நாலு பேருக்கும் நீங்கதான் கத்துக் குடுக்கணும். ஒண்ணாம் தேதி வந்துடுங்க."

அன்று சாயங்காலம் நான் சொல்லிவிட்டேன்: "இனிமே என் மூக்கு உங்களுக்குக் கிடையாது."

"எல்லார் முன்னாடியும் என் மானத்தை வாங்கினே. நான் ஏதாவது சொன்னேனா?" என்று இவர் கேட்டார்.

வேலையில் சேர்ந்த வாரமே எட்டு சாம்பிள் குப்பிகளைக் கொண்டுவந்து மேசையில் அடுக்கினார். கெஞ்சினார். நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். கத்தினார். அதற்கும் அசையவில்லை. கடைசியில் தனியாக உட்கார்ந்து, மோந்து மோந்து, சுவரைப் பார்த்துப் பார்த்து ஏதோ எழுதினார். எழுதட்டும், இரண்டு வாரத்தில் குட்டு உடைந்துவிடும், அப்போது என் காலடியில்தான் வந்து நிற்க வேண்டும் என்று காத்திருந்தேன். என் வீட்டுச் சோற்றில் மண் விழட்டும் என்று நானே நினைத்தேன். அவ்வளவு வயிற்றெரிச்சல் எனக்கு.

ஒரு மாதம் ஆயிற்று. மூன்று மாதம் ஆயிற்று. ஒன்றும் உடையவில்லை. புதுச் சட்டை போட்டுக்கொண்டு போனார். சம்பளத்தைக் கூட்டியிருக்கிறார்கள் என்று கேக் வாங்கி வந்தார். குப்பிகளைக் கொண்டுவந்து என் முன்னால் வைப்பதையும் நிறுத்திவிட்டார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அரை நாள் லீவு போட்டுவிட்டு அந்தக் கடைக்குப் போனேன். கண்ணாடி அலமாரிகள், மஞ்சள் விளக்கு, நடுவில் நீளமாக ஒரு மேசை. மேசையில் ஒரு பாட்டில் திறந்திருந்தது. பக்கத்தில் ருசி பார்க்க அதிலிருந்து ஊற்றி வைத்த குட்டிக் கண்ணாடிகள். பாட்டிலின் கழுத்தில் இவர் கையெழுத்தில் ஓர் அட்டை: 'பழுத்த பேரிக்காய், தேன், மழைக்குப் பின் ஒரு தோட்டம்.' இவர் உள் அறையில் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தது கேட்டது. குரல் மட்டும் ரொம்பக் கம்பீரமாக இருந்தது.

ஒரு கண்ணாடியை எடுத்து மோந்தேன். ஈரத்தோடு மடித்துப் பையில் போட்டு ஒரு வாரம் மறந்துவிட்ட துணி. வேறு ஒன்றுமே இல்லை. மூடியின் கார்க்கில் பூஞ்சை பிடித்து, அந்த நாற்றம் மொத்த விஸ்கியிலும் இறங்கியிருக்கிறது. என் கவுன்டருக்கு இப்படி ஒரு பை வந்தால் திறக்காமலே மூக்கைப் பொத்திக்கொள்வேன்.

பக்கத்தில் கணவனும் மனைவியும் போல இருந்த இரண்டு பேர் அதையே ருசி பார்த்துவிட்டு இரண்டு பாட்டில் எடுத்துக்கொண்டார்கள். எனக்குப் பொறுக்கவில்லை.

"அண்ணே, இதை வாங்காதீங்க. கார்க் கெட்டிருக்கு. ஈரத்துணி நாத்தம் அடிக்குது பாருங்க."

அவர் பதறிப்போய் மறுபடி மோந்தார். அட்டையைப் படித்தார். கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு முறை இழுத்தார். மனைவியிடம் நீட்டினார்.

"இல்லையேம்மா. பேரிக்காய்தானே வருது?"

"ஆமாங்க, பேரிக்காய்தான்" என்றாள் அந்தப் பெண். "அந்த மழை வாசனைகூட லேசா வருது."

அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். கிண்டல் இல்லை. நல்ல மனுஷன், மனதாரத்தான் சிரித்தார்.

"கவலைப்படாதீங்கம்மா. புதுசுல எல்லாருக்கும் அப்படித்தான். எனக்கும் முதல்ல ஒரு எழவும் புரியலை. உள்ளே ஒரு சார் இருக்காரு, அவர்கிட்ட கேளுங்க, பொறுமையா சொல்லிக் குடுப்பாரு."

வாங்கிய இரண்டு பாட்டிலையும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, கண்ணாடியை எப்படிப் பிடிக்க வேண்டும், மூக்கை எவ்வளவு தள்ளி வைக்க வேண்டும் என்று எனக்குக் காட்டிக் கொடுத்தார்.