பாலத்துக்கு இந்தப் பக்கம்

இப்போது எவனும் தன் வேலையைத் தானே செய்வதில்லை. குழாய் மாற்ற வந்தவன் மாற்றிவிட்டுப் போக வேண்டியதுதானே? போகாமல், போனில் ஐந்து நட்சத்திரம் போட்டால்தான் ஆயிற்று என்று வாசலை மறித்துக்கொண்டு நிற்கிறான். பேங்குக்குப் போனால், மெஷினில் நீங்களே போட்டுக்கொள்ளுங்கள் என்று நாற்காலியில் உட்கார்ந்தபடியே கையைக் காட்டுகிறார்கள். சரி, கம்ப்யூட்டருக்குள்ளாவது நிம்மதி உண்டா என்றால் அங்கேயும் இதே கூத்துதான். வேலியோரம் வாட்டசாட்டமாக ஒருவன் நிற்கிறான். தலைக்கு மேல் மஞ்சளாக ஒரு ஆச்சரியக்குறி தொங்குகிறது. பக்கத்தில் போனதும் பெட்டி பெட்டியாக எழுத்து ஓடுகிறது: "மாவீரரே, எமது ஆடு கானகம் புகுந்தது. தாங்கள் அருள்கூர்ந்து அதனை மீட்டுத் தருவீராக."

கை இருக்கிறது, கால் இருக்கிறது, இடுப்பில் கத்திகூட இருக்கிறது. உன் ஆட்டை நீ போய்த் தேடேண்டா தடிமாடே என்று திரையைப் பார்த்துச் சொல்லிவிட்டு, டயர்காரர் தன் பாட்டுக்குப் பன்றியை அடித்தார்.

பஸ் டிப்போவில் டயர் பிரிவில் சேர்ந்து, டயர் பிரிவிலேயே ஓய்வு பெற்றவர். தெருவில் அவர் பெயரைக் கேட்டால் பாதிப் பேருக்குத் தெரியாது. டயர்காரர் வீடு என்றால் சின்னப் பிள்ளையும் கொண்டுவந்து விடும். முழங்காலில் ஆபரேஷன் ஆகி வீட்டோடு கிடந்தபோது, வேறு ஊரில் ஆஸ்பத்திரி லேபில் வேலை பார்க்கும் மகள் இந்தக் கம்ப்யூட்டரைப் பார்சலில் அனுப்பிவைத்தாள். அதில், ஊர் ஊராக இருப்பவர்கள் ஒன்றாகச் சேர்ந்து ஆடுகிற ஒரு விளையாட்டை ஏற்றி, அதன் எழுத்தைத் தமிழுக்கு மாற்றி, அவர் எழுத்துக்கூட்டிப் படிக்கிற அளவுக்குப் பெரிதாக்கி, காதில் மாட்டிக்கொள்ள ஒரு ஹெட்செட்டும் வைத்திருந்தாள். அந்தத் தமிழ் எந்த ஊர்த் தமிழ் என்று அவருக்கு இன்றுவரை விளங்கவில்லை.

போனில் அப்பனும் மகளும் பேசியது கிடையாது. அதாவது, பேசுவார்கள். சாப்பிட்டீங்களா என்பாள். ம் என்பார். கால் எப்படி இருக்கு என்பாள். இருக்கு என்பார். அதற்குப் பிறகு ஆளுக்கு ஆள் மூச்சு விடுவதைக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு அம்மாகிட்ட குடுங்க என்பாள். ஆனால் விளையாட்டுக்குள் இருந்த இந்தப் புல்வெளியில் கையில் வேலை இருந்தது. கண் பன்றி மேல் இருந்தது. வாய் தானாகப் பேசியது. லேபில் நல்ல நாற்காலியைத் தனக்கென்று பூட்டி வைத்துக்கொள்ளும் சீனியர் அம்மாவைப் பற்றி அவள் சொன்னாள். கண்ணுக்குத் தெரியாத பஞ்சரை, காற்றடித்த டியூபைக் கன்னத்தோடு ஒட்டிவைத்துச் சுற்றினால் எப்படிக் கண்டுபிடிக்கலாம் என்று அவர் சொன்னார். பெண்டாட்டியிடம்கூடச் சொல்லாத சங்கதிகள். அவள் டியூட்டி முடிந்து வருகிற சாயந்திரங்களில் அவர் முன்னதாகவே வந்து உட்கார்ந்திருப்பார்.

அவள் தனியாக வர மாட்டாள். வெள்ளை அங்கியும் கையில் கோலுமாக அந்த ஆளும் கூட வருவான். மகள் கட்டிக்கொண்டவனுக்கு அவர் வைத்திருந்த பெயர் அதுதான், அந்த ஆளு. தேதி குறித்து, இடம் பேசி, கல்யாணப் பத்திரிகை அடிக்கக் கொடுத்துவிட்டுக் கடைசியில் அவர் முன்னால் வந்து நின்றார்கள். கேக்குறீங்களா, சொல்றீங்களா என்று கேட்டார். சொல்றோம்ப்பா என்றாள் மகள். அன்றைக்கு எனக்கு டியூட்டி என்றார். அன்று அவருக்கு வார லீவு. டிப்போவுக்குப் போய், யாரும் கேட்காமலே டயர்களைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தார். விளையாட்டில் அந்த ஆளின் வேலை காயம் ஆற்றுவது. பன்றி முட்டி அவருடைய உயிர்க்கோடு சுருங்கும்போதெல்லாம் எங்கிருந்தோ பச்சையாக ஒரு வெளிச்சம் வந்து மேலே விழும். இவரும் ஒன்றும் சொல்வதில்லை. அவனும் வாயைத் திறப்பதில்லை.

சண்டையெல்லாம் ஆடு தேடித் தரச் சொல்கிற அந்தக் குவெஸ்ட்டைப் பற்றித்தான். பன்றி அடித்தால் துளித்துளியாகத்தான் லெவல் ஏறும், ஊர்க்காரர்கள் கொடுக்கிற குவெஸ்ட்டை முடித்தால் அள்ளிக் கொடுப்பார்கள், ஊர் ஊராகக் கதை போகும், அதுதான் விளையாட்டே என்று மகள் எத்தனையோ விதமாகச் சொல்லிப் பார்த்தாள். அவர் அசையவில்லை. ஒருவன் அள்ளிக் கொடுக்கிறான் என்றால் எதற்குக் கொடுக்கிறான்? டிப்போவில் பார்க்காததா? அவரோடு ஒன்றாகச் சேர்ந்தவன் ஒருத்தன் இருந்தான். கையில் கிரீஸ் பட்டால் சோப்புக் கேட்கிறவன். மேனேஜர் வீட்டுக்குப் பால் வாங்கினான், மேனேஜர் பிள்ளைகளை ஸ்கூலில் விட்டான், மேனேஜர் மாமியாரைக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனான். போர்மேன் ஆனான். ஒரு வண்டி கூட நடுரோட்டில் நிற்காமல் ஓடிய வருஷத்துக்கு மேடையில் மாலை போட்டார்கள், அவனுக்கு. கைதட்டியவர்களில் டயர்காரரும் ஒருவர். எல்லோரும் தட்டும்போது கையைக் கட்டிக்கொண்டு நிற்க முடியுமா? அந்தக் கைதட்டு இன்னமும் உள்ளங்கையில் எரிந்தது.

பன்றி அப்படியில்லை. அது யாருடைய தயவையும் கேட்காது. அடித்தால் விழும். விழுந்தால் திரைக்கு அடியில் லெவல் காட்டுகிற நீலக் கோடு ஒரு நூல் நீளும். உழைப்புக்கு உண்டானது உடனே கைமேல். வாழ்நாளில் அவர் பார்த்த ஒரே நேர்மையான முதலாளி அந்தப் புல்வெளிதான்.

"டயர் தேஞ்சுது, மாத்துனீங்க. மாத்துனது மறுபடி தேஞ்சுது. இப்ப பன்னி சாகுது, செத்தது மறுபடி முளைக்குது. உங்களுக்குன்னே தேடிப் புடிச்சு அனுப்பியிருக்கா உங்க பொண்ணு" என்றாள் மனைவி, துணி மடித்துக்கொண்டே.

ஊருக்குக் கிழக்கே ஒரு பாலம். பாலத்தின் மேல் இரும்புக் கதவு. அதற்கு அந்தப் பக்கம் வேறு தேசம். பெரிய லெவல்காரர்கள் எல்லாம் அங்கேதான் போவார்கள். மகளும் அவள் கூட்டாளிகளும் எப்போதோ போயிருக்க வேண்டியவர்கள். அவருக்காக இந்தச் சின்ன ஊரில் சும்மா சுற்றிக்கொண்டிருந்தார்கள். பாலம் தாண்ட இன்ன லெவல் வேண்டும் என்று மகள் பேச்சுவாக்கில் சொல்லியிருந்தாள். அதைப் பிடித்துக்கொண்டார். பகலெல்லாம் அடித்தார். முழங்கால் வலிக்கு வைத்த வெந்நீர் ஆறிப்போக அடித்தார். ஒரு நாள் காலையில் திரையில் பொன்னாக வெளிச்சம் சிதறி அந்த லெவல் வந்தது. யாரிடமும் சொல்லாமல், சாயந்திரம் மகள் வரும்போது அந்தப் பக்கத்தில் நின்று ஆச்சரியப்படுத்த வேண்டும் என்று தனியாகப் பாலத்துக்குப் போனார்.

காவல்காரன் ஈட்டியைக் குறுக்கே நீட்டினான். "மாவீரரே, தங்கள் வலிமை போற்றுதற்குரியது. ஆயினும் மாவு ஆலைக்காரியின் துயர் தீர்க்காதவர் இப்பாலத்தைக் கடத்தல் இயலாது."

எழுத்துக்கூட்டிப் படித்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி படித்தார். பிறகு வாளை உருவி அவன் தலையில் போட்டார். வாள் புகைக்குள் போவதுபோல் போய் வெளியே வந்தது. அவர் போட்ட சத்தத்தில் மனைவி கரண்டியோடு ஓடிவந்தாள். சர்வீஸ் இருக்கு, சிபாரிசு இல்லை என்று டிப்போ ஆபீசில் எப்படிச் சொன்னார்களோ அப்படியே, அட்சரம் பிசகாமல், மீசை வைத்த பொம்மை ஒன்று சொல்கிறது. லெவல் வந்தால் விடு. வராவிட்டால் விடாதே. நடுவில் எவளோ மாவு அரைக்கிறவள் எங்கிருந்து வந்தாள்?

சாயந்திரம் மகள் வந்ததும் அத்தனையையும் அவள் மேல் கொட்டினார். அவள் பொறுமையாகத்தான் ஆரம்பித்தாள். ஆலைக்கார அம்மாவின் பையன் குகைப் பக்கம் போய் வழி தெரியாமல் நிற்கிறான், தேடிக் கூட்டிவர வேண்டும், அவ்வளவுதான், நானும் கூடவே வருகிறேன் என்றாள். எடுபிடி வேலைக்கு வேறு ஆளைப் பார் என்றார். எடுபிடி இல்லப்பா, கதை என்றாள். எல்லா எடுபிடியும் ஒரு கதை சொல்லிக்கொண்டுதான் வருவான் என்றார்.

"ஏம்ப்பா, நீங்க எவ்ளோ பன்னி அடிச்சீங்கன்னு அந்த ஊர்ல யாருக்குத் தெரியும்? அங்க யாருக்காவது ஒரு உதவி செஞ்சிருக்கீங்களா? பின்ன எப்படி உங்களை நம்பிக் கதவைத் தொறப்பாங்க?"

"நான் எதுக்குச் செய்யணும்?"

ஹெட்செட்டில் அவளுடைய மூச்சு மட்டும் கேட்டது, போனில் கேட்கிற மாதிரி. பிறகு, வருகிற ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கூட்டத்தோடு பாலம் தாண்டுவதாகச் சொன்னாள். காத்திருந்து காத்திருந்து மற்றவர்கள் முணுமுணுக்கிறார்களாம். தாண்டிவிட்டால் இந்தப் பக்கம் வர வேலை இருக்காதாம்.

"அப்புறம் எங்கப்பா பார்த்துக்கறது?" என்றாள்.

"போன் இருக்குதில்ல."

"போன்ல நீங்க பேசுவீங்களா?"

அவர் ஒரு பன்றியைத் தேடிப் போய் அடித்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலையிலிருந்து மனைவியிடம் எரிந்து விழுந்தார். காபி சூடு இல்லை, மின்விசிறி சத்தம் போடுகிறது, மேல் வீட்டுக்காரன் செருப்பை இழுத்து நடக்கிறான். மத்தியானம் சொல்லாமல் கொள்ளாமல் வந்து உட்கார்ந்தார். வழியனுப்பத்தான். பஸ்ஸுக்கு வெளியே நின்று ஜன்னலைப் பார்ப்பதுபோல் நின்று பார்த்துவிட்டு வந்தால் போதும். பாலத்தின் முன்னால் வில்லோடு மகள் நின்றாள், வெள்ளை அங்கியோடு அந்த ஆளு, இன்னும் இரண்டு மூன்று கவசங்கள். கவசக்காரர்கள் ஒவ்வொருவராக உள்ளே போனார்கள். மகளும் அந்த ஆளும் போகவில்லை. கிட்ட வாங்கப்பா என்றாள். கிட்டே போனார்.

காவல்காரன் ஈட்டியை நிமிர்த்திக் குனிந்து வணங்கினான். இரும்புக் கதவு அவருக்காகத் திறந்தது. "ஆலைக்காரியின் மைந்தனை மீட்ட மாவீரரே, வருக."

"யாரைச் சொல்றான் இவன்?"

கதவு திறந்தபடி இருந்தது. அந்தப் பக்கம் மலை தெரிந்தது, பனி மூடிய மலை, அவர் அதுவரை பார்த்திராத நீலம்.

"உங்க அக்கவுன்ட்ல போய் அந்தக் குவெஸ்ட்டை முடிச்சாச்சுப்பா. கோபப்படாதீங்க."

"யாரு முடிச்சது?"

"எனக்கு டியூட்டி. அவர்தான் உட்கார்ந்து முடிச்சாரு."

அதற்குப் பிறகு காதுக்குள் புதிதாக ஒரு குரல் வந்தது, கொஞ்சம் கம்மிப்போன குரல். "மாமா, தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க ஏத்தின லெவல்தான், உங்க கத்திதான். நான் சும்மா குகை வரைக்கும் நடந்துட்டு வந்தேன். பையன் கொஞ்சம் அழுதான். தூக்கிட்டு வந்து குடுத்தேன்."

டயர்காரர் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். என் பேர்ல நீ எப்படிய்யா போவ, யாரைக் கேட்டுப் போன என்று கத்தினார். குகைக்குள் போனது ஒருவன், பிள்ளையைச் சுமந்தது ஒருவன், வணக்கம் வாங்குவது இன்னொருவன். வாழ்நாள் முழுக்க அவர் காறித் துப்பிய இடத்தில் அவரையே கொண்டுபோய் நிற்க வைத்திருக்கிறார்கள், கழுத்தில் மாலை ஒன்றுதான் குறை. அடுத்தவன் செஞ்ச வேலைக்கு நான் பல்லைக் காட்டணுமா என்றார். என்னை என்னன்னு நெனச்சீங்க என்றார். வார்த்தை கிடைக்காமல் அதையே மறுபடி சொன்னார்.

"எப்படி வந்தாலும் சரின்னு நெனச்சேன்ப்பா" என்றாள் மகள். "கூப்பிட்ட இடத்துக்கு ஒரு தடவையாவது வாங்களேன்."

அவர் திரும்பினார். நிஜத்தில் சாய்ந்து சாய்ந்து நடக்கிறவர் திரைக்குள் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு விறுவிறு என்று நடந்தார். புல்வெளிக்குப் போக வேண்டுமென்றால் ஊருக்குள் புகுந்துதான் போக வேண்டும். இத்தனை நாளும் அவரை ஏறிட்டுப் பார்க்காத ஊர் அது. இன்றைக்கு என்னடாவென்றால் கொல்லன் சம்மட்டியை நிறுத்தி நெஞ்சில் கை வைத்தான். தண்ணீர் எடுக்கிறவள் குடத்தைக் கீழே வைத்தாள். வேலியோரத் தடிமாடு கூட, ஆட்டை மறந்துவிட்டு, மாவீரரே என்று கையை உயர்த்தியது.

"நான் இல்ல" என்றார் கொல்லனிடம். "நான் இல்ல, போ" என்றார் அடுத்தவனிடம்.

காதில் டக்கென்று ஒரு சத்தம். மகள் மைக்கை அணைத்துவிட்டாள் போலிருக்கிறது. போய்விட்டாளா, பாலத்து மேலேயே நிற்கிறாளா தெரியவில்லை. ஆனால் மண்பாதையில் அவருடைய காலடிக்கு நடுநடுவே இன்னொரு காலடி கேட்டது. அவர் நின்றால் நின்றது. அவர் நடந்தால் நடந்தது. காயம் ஒன்றும் இல்லாமலே பச்சை வெளிச்சம் ஒரு முறை மேலே விழுந்து அணைந்தது.

"எதுக்குய்யா பின்னாலயே வர்ற? கதவு தொறந்துதானே கெடக்கு. போ."

காலடி மட்டும் வந்தது.

ஊரின் கடைசியில் மாவு ஆலை. அந்தப் பக்கம் அவர் ஒரு நாளும் திரும்பிப் பார்த்ததில்லை. பெரிய சக்கரம் தண்ணீரில் சுற்றிக்கொண்டிருந்தது. கை முழுக்க மாவாக ஒரு பெண் வாசலுக்கு வந்தாள். அவள் பாவாடையைப் பிடித்துக்கொண்டு, ஒரு கையில் கட்டுப் போட்ட பையன். அவள் தரையைத் தொடுகிற அளவுக்குக் குனிந்தாள். எழுத்து ஓடியது. அவர் படிக்கவில்லை. படிக்காமலே என்ன என்று தெரிந்தது.

"நான் இல்லம்மா" என்றார், நிற்காமல். "பின்னால வர்ற ஆளைக் கேளு."

அவளுக்கு அது கேட்டிருக்காது. குனிந்தவள் குனிந்தபடியே இருந்தாள். பையன் மட்டும் கட்டுப் போடாத கையை எடுத்து ஆட்டினான், அவரைப் பார்த்தா, அவருக்குப் பின்னால் பார்த்தா என்று சொல்ல முடியாமல். டயர்காரர் புல்வெளியில் இறங்கி நடந்துகொண்டே இருந்தார்.