மழை விட்டதும் திருப்பி ஓட்டிய ரீல்

தென்காசி டூரிங் டாக்கீஸில் ஓடிக்கொண்டிருந்த படத்தை எனக்காக, என் ஒருவனுக்காக நிறுத்தினார்கள். ஓடி முடிந்த ரீலைத் திருப்பிச் சுற்றி மறுபடியும் ஓட்டினார்கள். எண்ணூறு பேர் மூச்சு விடாமல் காத்திருந்தார்கள். தாலுகா ஆபீசில் முப்பத்திரண்டு வருஷம் குமாஸ்தாவாக இருந்து பென்ஷன் வாங்குகிறவன் பொய் சொல்ல மாட்டான். கொஞ்சம் கூட்டிச் சொல்வான், அவ்வளவுதான்.

அது 1956, சாரல் காலம். என் மனைவி ரெபேக்காள் காய்ச்சலில் போய் ஒரு வருஷம் ஆகியிருந்தது. வீட்டில் நானும் ஒன்பது வயது ஜெபமலரும் மட்டும். சோறு கொதிக்கிற சத்தமும் நான் இருமுகிற சத்தமும்தான் அங்கே பேச்சு. பின்சுவரை ஒட்டி டாக்கீஸ் கொட்டகை. சினிமா பார்ப்பது பாவம் என்பது எங்கள் சபை வழக்கம். நானும் பார்த்ததில்லை, மகளையும் விட்டதில்லை. ஆனால் சத்தம் சுவர் ஏறிக் குதிக்கும் என்பது என் புத்திக்கு எட்டவில்லை.

எட்டு மணிக்குக் குடும்ப ஜெபம். ஒருநாள் ஜெபமலர் கண்ணை மூடி, "கர்த்தரே, ஏழையின் கண்ணீருக்கு விலையில்லையா? நீதியின் வாசல் எங்களுக்கு மட்டும் அடைத்துக் கிடப்பதேன்?" என்றாள். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. பிள்ளைக்கு வரம் இறங்கிவிட்டது! கோயிலில் சொன்னேன், ஆபீசில் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை அவளைச் சபை முன்னாலேயே ஜெபிக்க வைத்தேன். நான்கு பேர் அழுதார்கள். நாற்பது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எதிர்வீட்டுச் செல்லப்பா வெற்றிலைக் கடைக்காரர். எந்தப் படத்தையும் மூன்று தடவை பார்க்கிறவர். அவரிடமும் பெருமையாகச் சொன்னேன்.

"அண்ணாச்சி, அது இப்ப ஓடுத படத்துல கோர்ட் சீன்லா!" என்று தெருவே திரும்பிப் பார்க்கச் சிரித்தார். "கர்த்தரேன்னு மட்டும்தான் பிள்ளை சொந்தமாச் சேத்திருக்கு."

அவமானத்தில் வீட்டுக்கு வந்து கத்தினேன். "ஜெபத்துல கூத்தாடுதியோ?" ஆறு மணிக்கே பின்கதவைப் பூட்டிச் சாவியை மடியில் வைத்துக்கொண்டேன். ஜெபமலர் அழவில்லை. பேச்சை நிறுத்திவிட்டாள். என்ன கேட்டாலும் தலையசைப்புதான். பள்ளிக்கூடத்திலும் அப்படியே என்று வாத்தியார் ஆள் அனுப்பினார். பதினெட்டு நாள் இப்படிப் போயிற்று. எனக்கு அது பதினெட்டு வருஷம். இந்தக் கணக்கில் மட்டும் நான் கூட்டவில்லை.

பத்தொன்பதாம் நாள் மாலை, தாங்க முடியாமல், பின்கதவைத் திறந்து, கொல்லைச் சுவரோரம் அவள் வழக்கமாக நிற்கிற இடத்தில் நான் போய் நின்றேன். அப்படி என்னதான் இருக்கிறது அங்கே? ஒரு மாசமாக ஓடுகிற அதே படம்தான். ஏழே கால் மணி இருக்கும். கொட்டகைக்குள் ஒரு பெண் குரல் கூப்பிட்டது: "கண்ணு, சாப்பிட வாம்மா. சோறு ஆறிப்போகுது."

இதைக் கேட்கவா இந்தப் பிள்ளை தினமும் இங்கே நின்றாள்? கோர்ட் சீன் தானாக வந்து காதில் ஒட்டியது போல.

மறுநாள் சாயங்காலம், "ஏட்டி, பாவாடையை மாத்து. போவோம்" என்றேன். அவள் நம்பாமல் பார்த்தாள்.

மணலில் உட்கார்ந்தோம். இருவருக்குமே அதுதான் முதல் படம். திரையில் ஒருத்தி வந்ததும், "யாருட்டி அவ, நல்லவளா கெட்டவளா?" என்று கேட்டேன். ஜெபமலர் கண்ணை மூடிக் குரலைக் கேட்டாள். அப்புறம் தலையசைத்தாள், நல்லவள். முகம் ஒன்றுகூடத் தெரியாது அவளுக்கு. குரல் அத்தனையும் தெரியும்.

அந்த இடம் நெருங்கியது. அவள் என் வேட்டியைப் பற்றிக்கொண்டாள். அந்த நேரம் பார்த்துத் தகரக் கூரையில் கொட்டியது மழை. திரையில் தாய் வாயசைக்கிறாள். ஒரு சொல் கேட்கவில்லை. பிள்ளை விம்மினாள்.

எழுந்துவிட்டேன். என் தலை நிழல் திரையில் ஆனை மாதிரி விழுந்தது. "நிறுத்துங்கய்யா! மழை விட்டதும் இந்த ரீலைத் திருப்பிப் போடுங்க!" என்று கத்தியதில் மழையே பயந்து நின்றது. "உக்காரும்வே!" என்று நாலு பேர் அதட்டினார்கள். பெண்கள் பக்கத்திலிருந்து ஒருத்தி, "எங்களுக்கும்தான் கேக்கலை. போடச் சொல்லுங்க!" என்றாள். கொட்டகையே சேர்ந்துகொண்டது. போட்டார்கள்.

"கண்ணு, சாப்பிட வாம்மா."

வீட்டுக்கு நடக்கும்போது ஜெபமலர் வாய் திறந்தாள். "அப்பா, நான் நெனச்ச மொகம் இது இல்லப்பா. நான் அம்மா மொகத்தை நெனச்சிருந்தேன்."

"நானும் அப்படித்தாம்மா நெனச்சேன்" என்றேன். வீடு வருகிற வரை ரெபேக்காளின் முகத்தைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தோம்.

செல்லப்பா அன்று குற்றாலத்தில் விருந்தாளிகளோடு அருவியில் நின்றிருந்தார். மறுநாள் காலையில் நான் சொன்னதும், "அளக்காதிய அண்ணாச்சி! ஒமக்காவ ரீலைத் திருப்பினானாக்கும்?" என்று வெற்றிலையைத் துப்பினார்.

எங்கள் வீட்டு வாசலிலிருந்து ஒரு குரல் வந்தது. "நெசந்தான் மாமா. அப்பாதான் எந்திச்சு நின்னு கேட்டாவ."

பிள்ளை பேச்சை நிறுத்தியது செல்லப்பாவுக்கும் தெரியும்; அவளையே பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"நடந்திருக்கு அண்ணாச்சி" என்றார்.