புதன்கிழமை மதியம் வரை திறக்கும் பாட்டு

1

இந்தக் கதை என் கழுத்திலிருந்து வந்தது. மேசையில் குனிந்து எழுதி எழுதிக் கழுத்து பிடித்துக்கொள்ள, ஒரு மாதம் பிசியோதெரபிக்குப் போனேன். கழுத்தில் சூட்டுப்பையை வைத்து அசையாமல் உட்காரச் சொல்லிவிட்டால், எதிரே நடப்பதைப் பார்ப்பதைத் தவிர வேறு வேலையில்லை. எதிரே ஒரு தையற்காரம்மா காதில் பாட்டை மாட்டிக்கொண்டு அறை வாசலைத் தாண்டினார். அங்கிருந்த எல்லோரும் கைதட்டினார்கள். ஒரு வாசலைத் தாண்டியதற்கா என்று தெரபிஸ்டைக் கேட்டேன். அவர் சொன்னதுதான் இனி வருவது.

(கதைக்குள் தெரபிஸ்டை 'அவள்' என்று எழுதுகிறேன். நேரில் அப்படிச் சொல்ல மாட்டேன். என் கழுத்து அவர் கையில் இருந்தது.)

2

முதலில் எழுதிய தொடக்கம்: 'அன்று மழை பெய்துகொண்டிருந்தது. அவள் மனதிலும் ஒரு—'

விட்டுவிட்டேன். அன்று மழையே இல்லை.

தையற்காரம்மாவுக்கு நடுக்குவாதம். சமதரையில் ஒருவாறு நடந்துவிடுவார். வாசல் வந்தால் மட்டும் பாதம் தரையோடு ஒட்டிக்கொள்ளும். வெளியிலிருந்து ஒரு தாளம் கொடுத்தால் கால் அதைப் பிடித்துக்கொண்டு நகரும். தெரபிஸ்ட் முதலில் 'டிக் டிக்' என்று அடிக்கும் கருவியை வைத்துப் பார்த்தாள்.

"தலைக்குள்ள பல்லி உட்கார்ந்திருக்கற மாதிரி இருக்கும்மா. என் பாட்டைப் போடுங்க."

அவர் பாட்டு இணையக் கடையில் வாங்கியது. தையல் மெஷினோடு போட்டி போடுகிற வேகம். அந்த வேகத்துக்குக் கால் ஓடினால் விழுந்துவிடுவார். கொஞ்சம் மெதுவாக்கினால் போதும். ஆனால் அந்தக் கடைப் பாட்டுக்குப் பூட்டு உண்டு. கடையின் செயலியில் மட்டும் பாடும். கடை வைத்த வேகத்தில் மட்டும் பாடும்.

"வாங்கினது நான்தானே? வாங்கின சட்டையைப் பிடிச்சுத் தைக்கக்கூடாதுன்னு எந்தக் கடைக்காரன் சொல்றான்?"

அந்தப் பூட்டைச் செய்கிறவர்களில் ஒருவர் தெரபிஸ்டின் கணவர்.*

* கதைக்காக நான் முடிச்சுப் போட்டேன் என்று நினைப்பீர்கள். நானும் தெரபிஸ்டை இரண்டு முறை கேட்டு உறுதி செய்துகொண்டேன்.

3

முதல் படியில் கணவரை வில்லனாக எழுதியிருந்தேன். மெல்லிய உதடு, குளிர்ந்த பார்வை, இத்யாதி. பிறகு ஒருநாள் மனைவியை அழைத்துப்போக வந்தவரைப் பார்த்தேன். பருத்த, கூச்ச சுபாவமுள்ள மனிதர். நாற்காலி காலியாக இருந்தும் உட்காரவில்லை. அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டேன்.

பூட்டுப் பேச்சு வந்த அன்று மாலை, வீட்டில் காய்ந்த துணியை இருவரும் மடித்துக்கொண்டிருந்தபோது கேட்டாள்.

"ஒரே ஒரு பாட்டுங்க. கொஞ்சம் மெதுவாக்கணும், அவ்வளவுதான்."

"ஒண்ணுதான்னுதான் எல்லாரும் ஆரம்பிக்கறாங்க. போன வருஷம் யாரோ திறந்த ஒரு ஆல்பம், வெளிவந்த மூணாம் நாளே ஊரெல்லாம் சுத்துச்சு. அதைப் பாடின பொண்ணு ஆபீஸுக்கே வந்து அழுதா. தண்ணி கொடுத்தது நான்."

"இவங்க யாருக்கும் கொடுக்கப்போறதில்லை. வாசலைத் தாண்டப்போறாங்க."

"எனக்குப் புரியுது. பூட்டுக்குப் புரியாதே."

மடித்த சட்டையைப் பிரித்து மறுபடி மடித்தார்.

4

மறுநாள் மதிய இடைவேளையில் அவளே தேடினாள். பூட்டை நீக்கும் மென்பொருள் சுலபமாகவே கிடைத்தது. சின்னக் கட்டம், உள்ளே ஒரு பச்சைப் பொத்தான். வாங்கியவரின் கடவுச்சொல்லைக் கேட்டது. தையற்காரம்மா நடுங்கும் விரலால் மூன்று முறை தப்பாகத் தட்டி, நான்காவதில் சரியாகத் தட்டினார். இரண்டு நிமிடம் ஆயிற்று.

"இவ்வளவுதானா?"

"இவ்வளவுதான் அக்கா," என்றாள். கணவரின் ஒரு மாத உழைப்போ ஒரு வருட உழைப்போ அந்தப் பூட்டுக்குள் போயிருக்கும் என்று தோன்றியது.

பாட்டை மெதுவாக்கினாள். ஐந்தாம் நாள் தையற்காரம்மா வாசலைத் தாண்டினார்.

[இங்கே அந்த நடையை ஒரு பக்கம் வருணித்திருந்தேன். நதியெல்லாம் வந்தது. எடுத்துவிட்டேன். இடது காலை வைத்தார், பிறகு வலது காலை வைத்தார்.]

5

ஞாயிறு காலை, ஏதோ படிவம் அச்செடுக்க அவளுடைய லேப்டாப்பைத் திறந்த கணவர் பச்சைப் பொத்தானைப் பார்த்துவிட்டார். அவள் காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். கத்தி நின்றது.

"நடந்தாங்களா?" என்றார்.

"நடந்தாங்க."

"வாசலைத் தாண்டி?"

"தாண்டி, தெரு வரைக்கும்."

லேப்டாப்பை மூடினார். கொஞ்ச நேரம் மூடியைத் தடவிக்கொண்டிருந்தார்.

"இது நுழையற ஓட்டையைத்தான் நாங்க இப்ப அடைச்சுக்கிட்டிருக்கோம். புதன்கிழமை மதியம் புதுப் பூட்டு வருது. அதுக்கப்புறம் எதுவும் திறக்காது."

அது எச்சரிக்கையா, அனுமதியா? அவளுக்கு விளங்கவில்லை.

"இதை ஏன் என்கிட்ட சொல்றீங்க?"

"ஆபீஸ்ல என்ன நடக்குதுன்னு கேட்கவே மாட்டேங்கறேன்னு நீதானே குறைப்படுவே? சாரி, சொல்லவே மாட்டேங்கறேன்னு." குழறிவிட்டு, தண்ணீர் பிடிக்கப் போய்விட்டார்.

செவ்வாய்க்கிழமை தையற்காரம்மா வந்தார். "பாட்டு சலிச்சுப்போச்சும்மா. வேற ஒண்ணு திறந்து கொடுங்க." அவர் நடந்ததைப் பார்த்திருந்த இன்னும் இரண்டு பேரும் தங்கள் பாட்டுகளோடு பின்னால் நின்றார்கள். மூவரையும் மறுநாள் காலை வரச் சொன்னாள்.

6

முடிவு ஒன்று: புதன் காலை முழுவதும் அவள் பொத்தானை அழுத்துகிறாள்.

முடிவு இரண்டு: மென்பொருளை நீக்கிவிட்டு, வேகத்தை மாற்றும் வசதி வேண்டுமென்று கடைக்கு எழுதுகிறாள். கடை மகிழ்ச்சியோடு— (எனக்கே நம்பிக்கை வரவில்லை.)

என் சிகிச்சையின் கடைசி நாள் இந்தப் படியைத் தெரபிஸ்டிடமே கொடுத்தேன். நின்றபடியே படித்தார்.

"நல்லாத்தான் எழுதியிருக்கீங்க. புதன்கிழமையை மட்டும் எழுதாதீங்க."

"என்ன நடந்ததுன்னு எனக்காவது சொல்லலாமே?"

சொன்னார். சொல்லிவிட்டு, "எங்க வீட்டுக்காரர் கதையெல்லாம் படிப்பார். இன்னைக்கு வரைக்கும் அவர் கேட்கலை, நானும் சொல்லலை. கேட்காம இருக்க அவர் எவ்வளவு கஷ்டப்படறார்னு எனக்குத்தான் தெரியும். அதைக் கெடுத்துடாதீங்க," என்றார்.

ஆகவே எழுதவில்லை. புதன்கிழமை காலை மணி பதினொன்று. வெளியே மூன்று பேர் காத்திருக்கிறார்கள். அவள் லேப்டாப்பைத் திறந்துவிட்டாள். இதற்கு மேல் நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். எழுதியதை அவள் கணவர் கண்ணில் படும்படி மட்டும் வைத்துவிடாதீர்கள்.